நிறைவு யாருடையது?

நண்பர்களுடன் மிதிவண்டியில் பல நாட்கள் கரடுமுரடான மலைவழியே சென்று இலக்கை அடைந்தவன், "நான் முடித்துவிட்டேன்" என்கிறான். அந்த நிறைவு யாருடையது?

இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ஸ்பிதிக்குச் செல்லும் வழியை நோக்குவோம். கிராம்பூவுக்கு அப்பால் சரளைக்கற்களும் ஓடைகளும் குறுக்கிடுகின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் அடங்கி ஓடிய ஓடை பிற்பகலில் சீறும். ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயில், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் 5-இல் 3 பங்குக்கும் சற்றுக் குறைவு. அங்கே வலிமை எவருக்கும் நிலையான உடைமையன்று. இன்று முந்துபவன் நாளை தலைவலியால் தளரலாம்.

எனவே பின்தங்கியவனுக்காகக் காத்திருத்தல் சலுகையன்று, கடமை. அவனது நோய் முற்றினால் உடனே கீழே இறங்குவதே மருந்து. அவனைத் தனியே அனுப்புதல் தகாது. இலக்கைக் கைவிட்டு உடன் இறங்க ஒருவர் வேண்டும்.

இமயம் கடந்த தருமபுத்திரர், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு இந்திரனின் தேரில் ஏற மறுத்தார். சொர்க்கத்தினும் துணை பெரிதென்று கண்டார்.

நண்பனோடு இறங்கியவன் கணவாயைக் காணாதிருக்கலாம். ஆயினும் மேற்கொண்ட பயணத்தை நிறைவேற்றியவன் அவனே.