துறந்த பதவியும் தூய அமானிதமும்

பதவி என்பது மக்கள் ஒப்படைத்த அமானிதம். தவணை முடியுமுன் அதைத் துறப்பது நேர்மையா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா?

1972 அக்டோபரில் இலங்கைத் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம், புதிய அரசியலமைப்பை எதிர்த்துக் காங்கேசன்துறை நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார்; இடைத்தேர்தலில் மக்கள் தீர்ப்பைக் காணுமாறு அரசுக்கு அறைகூவல் விடுத்தார். தேர்தல் வந்ததோ 1975 பிப்ரவரி 6-இல்! அவருக்கு 25,927 வாக்குகள். கம்யூனிஸ்ட் வேட்பாளருக்கு 9,457. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேல் அத்தொகுதி மன்றத்தில் நாவிழந்து நின்றது. பழி யாருடையது?

அமானிதத்தை உரியவரிடமே திருப்பி வைத்து, ‘மீண்டும் நம்புவீர்களா?’ எனக் கேட்பது துரோகமன்று. உரியவரை விடைசொல்ல விடாது காலங்கடத்துவதே துரோகம். கடல்கடந்த இப்படிப்பினை நம் ஒதியம்பட்டு வாக்காளர்க்கும் உரியது. பதவி துறந்தவர் மீண்டும் வாசலுக்கு வரும்போது, ‘எங்களைக் கேட்பதற்காகத் துறந்தீரா, உம் வசதிக்காகவா?’ என்று வினவுதல் நம் கடமை.