பக்குவம் பற்றி

மாம்பழத்தின் பக்குவம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு விஷயம் அப்படியில்லை. கோத்தகிரிக் கிளைக்கு மாற்றலாகி வந்தபின் வாடகை வீட்டின் பின்புறம் 40 செடிகள் போட்டேன். பூத்ததும் ஆவல் தாங்காமல் ஒன்றைப் பிடுங்கினேன். கோலிக்குண்டு அளவில் ஏழெட்டு. விரல் பட்டதும் தோல் உரிந்தது. தெரிந்துகொண்டேன், ஆனால் செடி போய்விட்டது. அறிவை எப்போதும் வரவுப் பக்கத்திலேயே எழுதிப் பழகியிருக்கிறோம் (வங்கிக்காரனின் உவமை, பொறுத்துக்கொள்ளவும்).

பக்கத்து வீட்டுப் படகர் அம்மாள் செடி சாகும்வரை காத்திருக்கிறார். இலை மஞ்சளித்து, தண்டு சாய்ந்து காய்ந்து, அதற்குப் பிறகும் இரண்டு வாரம். தோல் முற்றுவதற்கான அவகாசம் அது. பிறகு ஓரமாக ஒரே ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்க்கிறார். தோல் வழுகாவிட்டால் தோண்டலாம். இல்லாவிட்டால் சேமிப்பில் அழுகிவிடும்.

இந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அது என்னை நியாயப்படுத்தியது. ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் முப்பது கவிதைகளை அனுப்பிப் புத்தகமாக்கலாமா என்று கேட்டார். 'இன்னும் ஊறட்டும்' என்று எழுதினேன். அதன்பின் அவர் எதையும் அனுப்பவில்லை. அந்த மௌனத்தைப் பக்குவத்தின் அடையாளமாக நம் வட்டத்தில் பலரிடம் நான் சிலாகித்திருக்கிறேன்.

ஜூலை மழையில், விடாத மூடுபனியில், என் செடிகள் ஒரே வாரத்தில் சாய்ந்தன. முதிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அம்மாள் வந்து ஓர் இலையைக் கிள்ளித் திருப்பிக் காட்டினார். அடிப்புறம் வெள்ளைப் பூசணம். "இது முத்தினது இல்ல தம்பி, நோவு." 1845இல் தொடங்கி அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சத்துக்குக் காரணம் இதே கருகல் நோய்தான். தண்டுகளை அறுத்து அப்புறப்படுத்திவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார். அதே இரண்டு வாரம், இம்முறை கிழங்குக்கு நோய் தொற்றாமலிருக்க. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சாவும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வித்தியாசம் தெரிய இலையைத் திருப்ப வேண்டும்.

ஆறு வருஷமாக நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோதுதான் கேட்டேன். என் கடிதம் வந்த வாரமே எழுதுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். குரலில் குறை எதுவும் இல்லை. எனக்கு இலையில் சோறு இறங்கவில்லை.

அந்தக் கவிதைகள் முற்றவில்லை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தோல் முற்றுவது சேமிப்புக்காக. இளங்கிழங்கை அன்றைக்கே வேகவைத்துத் தின்றால் அதன் ருசியே தனி. நான் பிடுங்கிய அந்த ஏழெட்டையும் அன்றிரவே உப்புப் போட்டுத் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. நாள்பட நிற்குமா என்ற ஒரே கேள்வியை வைத்து எத்தனை பேரை மண்ணுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்?

நோட்டுப் புத்தகத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. இந்த மௌனத்தைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.