உறவாடி விற்பது தகுமா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். மலைமேல் விளையும் சாமையும் தேனும் புளியும், பக்கத்து ஆரணித் தறிகளில் நெய்யும் பட்டும் வெகுகாலம் வியாபாரி, கமிஷன் மண்டி, ஜவுளிக்கடை என்று பல கை மாறித்தான் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தன. இன்று அந்தத் தூரத்தைக் கைபேசி சுருக்கிவிட்டது. தறி ஓடுவதை இன்ஸ்டாகிராமில் காட்டுகிறார்கள். தேன் எடுப்பதை யூடியூபில் போடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் சொன்ன கையோடு அன்றைய விலையும் வந்துவிடுகிறது. "அக்கா, இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்தது" என்று விற்பவர் எழுதுகிறார். வாங்குபவர் மகளின் கல்யாணத் தேதியைச் சொல்கிறார். விலையும் உறவும் ஒரே பேச்சில் கலந்துபோகும் இந்த இடத்தில் ஓர் அறக்கேள்வி எழுகிறது: விற்பதற்காக உறவாடுவது தகுமா? தகும் என்பதே என் முடிவு. ஆனால் உறவின் பெயரால் நம்பிக்கையைப் பெறுகிறவர் உறவுக்குரிய கடமைகளையும் சேர்த்தே ஏற்கவேண்டும். நம்பிக்கையை வாங்கிக்கொண்டு கடமையைக் கைவிட்டால், அது பொய்யும் களவும் சேர்ந்த குற்றம்.

இதை அளந்து பார்க்க ஒரு பழைய அளவுகோல் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட திருமலையில், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் போற்றும் உமாசுவாதியின் 'தத்துவார்த்த சூத்திரம்' ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தாரின் விரதங்களையும், அவை எப்படியெல்லாம் பழுதாகும் என்பதையும் வகுத்துச் சொல்கிறது. வாய்மைக்கு ஐந்து பழுதுகள்: தவறான வழி காட்டுதல், பிறர் அந்தரங்கத்தை வெளியிடுதல், பொய்யாக எழுதுதல், நம்பி ஒப்படைத்த பொருளை அபகரித்தல், பிறர் உள்ளக் கருத்தைக் குறிப்பால் அறிந்து அம்பலப்படுத்துதல். கள்ளாமைக்குச் சொன்ன பழுதுகளில் கள்ள எடையும் போலிச் சரக்கும் உண்டு. துறவிக்கு மட்டும் பொருந்துவது என்று இதைத் தள்ளிவிட முடியாது. எடைக்கல்லைக் கையில் பிடிக்கும் மனிதனை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பட்டியலே எழுந்திருக்கிறது.

இன்றைய கைபேசி வணிகத்தை இதன்முன் நிறுத்தினால், இந்தப் பழுதுகளில் பலவும் கண்ணெதிரே தெரிகின்றன. சுத்தமான தேனுக்குச் சோதனை என்று ஒரு டம்ளர் தண்ணீரில் தேனை விட்டு, கரையாமல் அடியில் போய்த் தங்குவதைக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் அடியில் தங்கும். அந்தச் சோதனையால் எதுவும் நிரூபணமாவதில்லை. தெரிந்தே அதைக் காட்டுவது தவறான வழிகாட்டுதல். வாடிக்கையாளர் தனியாக அனுப்பிய பாராட்டை, பெயரும் படமும் தெரிய, கேட்காமலே ஸ்டேட்டஸில் வைப்பது அந்தரங்கத்தை வெளியிடுதல். வாங்காதவர் பெயரில் விமர்சனம் எழுதவைப்பது பொய்யெழுத்து. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று அனுப்புவது போலிச் சரக்கு. இவற்றிலெல்லாம் அதிகம் கவனிக்கப்படாதது வாய்மையின் நான்காவது பழுது. ஒரு சேலைக்காகக் கொடுத்த கைபேசி எண்ணும் முகவரியும் வீட்டு விசேஷத் தேதியும் நம்பி ஒப்படைத்தவை. அவற்றை இன்னொரு வியாபாரிக்குக் கைமாற்றுவது அடைக்கலப் பொருளைக் கையாடுவதற்குச் சமம். காசு வாங்கிக்கொண்டு, அதை மறைத்து, சொந்த அனுபவம் போலப் புகழ்வதும் எடைக்குற்றமே. கேட்பவர் அந்தச் சொல்லை நண்பரின் சொல் என்று நிறுத்துப் பார்க்கிறார். தட்டில் இருப்பதோ கூலிக்காரரின் சொல்.

விற்பவர் தன் சரக்கைப் புகழ்வது உலக வழக்கம்தானே, வாங்குபவருக்கு அது தெரியாதா என்று கேட்கலாம். சந்தையில் கூவி விற்பவர் தன் குவியலுக்குப் பின்னால் நிற்கிறார். அவர் யார், எதற்காகக் கூவுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெளிவே வாங்குபவருக்குப் பாதுகாப்பு. கடைக்காரரிடம் போகும்போது நாம் விழிப்போடு போகிறோம், உறவினரிடம் அப்படிப் போவதில்லை. தான் விற்பவர் என்பதை மறைத்து உறவின் குரலில் பேசுகிறவர் அந்த விழிப்பைத்தான் பறிக்கிறார். அன்பும் ஆதாயமும் ஒரே மனத்தில் இருக்க முடியாதா என்றால், தாராளமாக இருக்கலாம். நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரைக் கொண்டு முடிக்கும் வள்ளுவர், பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதச் சொன்னாரே ஒழிய வணிகத்தைத் துறக்கச் சொல்லவில்லை. அன்பு மெய்யானதா என்று அறியவும் வழி இருக்கிறது. "இந்தச் சேலை உங்கள் தேவைக்கு ஆகாது" என்று சொல்ல விற்பவருக்கு வாய் வருகிறதா? பாராட்டை வைத்த இடத்தில் புகாரையும் விட்டுவைக்கிறாரா, இரவோடு இரவாக அழிக்கிறாரா?

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் விளம்பரத்தில் கோடிகளைக் கொட்டும்போது, ஒரு தறியை நம்பி வாழும் நெசவாளரும் இரண்டு ஏக்கரில் சாமை விதைக்கும் மலைவாசியும் இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் பிழைக்க முடியுமா? அவர்களின் நெருக்கடி உண்மை. நேரடி விற்பனை அவர்களுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு என்பதும் உண்மை. அதனாலேயே வாய்மை அவர்களுக்கு மற்றவரைவிட அதிகம் தேவைப்படுகிறது. விலையில் விசைத்தறியோடு கைத்தறி போட்டியிட முடியாது. 'இது மெய்யாகவே கைத்தறி' என்று வாங்குபவர் நம்பினால்தான் நெசவாளரின் உழைப்புக்கு விலை. தூய பட்டுக்கான பட்டு முத்திரை 2004-லும், கைத்தறிக்கான கைத்தறி முத்திரை 2006-லும் வந்தது இத்தகைய நம்பிக்கையைக் காக்கத்தான். போலி பெருகப் பெருக வாங்குபவர் யாரையும் நம்பாமல் போகிறார். பெரிய நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வரும். தறிக்காரருக்கு இருப்பது ஒரே பெயர்.

சட்டம் இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பணம் பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. இணைய விமர்சனங்களுக்கு ஐ.எஸ். 19000 என்ற தரமும் அதே ஆண்டில் வந்தது. இவை வேண்டியவைதான். ஆனால் நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவுக்குள் எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்கே விற்பவரின் மனமே தராசைப் பிடிக்கிறது. ஆகவே விற்பவர் தானாக ஏற்கவேண்டிய ஒழுக்கம் இதுதான்: யார் பணம் தருகிறார்கள் என்பதைச் சொல்வது, கேட்காமல் எவர் சொல்லையும் படத்தையும் பகிராதது, எண்ணை நீக்கச் சொன்னால் நீக்குவது, குறை சொன்னவருக்கு அதே குழுவில் பதில் சொல்வது. இந்த நான்கையும் காத்துக்கொண்டு ஒருவர் "அக்கா" என்று அழைத்தால், அந்த அழைப்பில் குற்றமில்லை. ஒன்றையும் காக்காதவர் எவரையும் அப்படி அழைக்கும் உரிமையை இழந்துவிடுகிறார்.