இரண்டாவது தெர்மாமீட்டர்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அப்பா வேலை பார்த்தார். விதரிங் ஹால் சுவரில் ஒரே பலகையில் இரண்டு தெர்மாமீட்டர்கள் மாட்டியிருக்கும். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் அடியில் வெள்ளைத் துணித்திரி சுற்றி, அதன் நுனி ஒரு சின்ன தண்ணீர்ப் புட்டியில் முங்கியிருக்கும். அதைப் பார்த்தால் சின்ன வயதில் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும். காய்ச்சல் வந்த தெர்மாமீட்டருக்கு யாரோ பத்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

"ரெண்டுக்கும் நாலு டிகிரி வித்தியாசம் இருக்கணும் தம்பி. கம்மியானா காத்து தண்ணிய குடிக்காது" என்பார் அப்பா.

எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டில் சைக்ரோமெட்ரிக் சார்ட் என்ற ஒன்றை எங்கள் முன் விரித்துப் போட்டபோது, அது அப்பாவின் பலகைதான் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் அந்தக் குமிழ் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் குறையும். இரண்டு குமிழும் ஒரே எண்ணைக் காட்டினால் காற்று முழுசாக நிரம்பிவிட்டது, இனி ஒரு சொட்டும் வாங்காது. ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் நாள் கணக்காக அப்படித்தான் இருக்கும். பெல்ட்டில் பூஞ்சை பூக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும், துவைத்த துணி மூன்றாம் நாளும் குளிர்ந்தே கிடக்கும். (இன்னொரு விஷயம், அந்தப் பாடப்புத்தக சார்ட் கடல்மட்டத்துக்குப் போட்டது. 1850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் காற்றழுத்தம் ஐந்தில் நாலு பங்குதான், அந்தக் கோடுகள் அப்படியே பொருந்தாது. சென்னைக்காரர்கள் போட்ட கணக்கு மலைக்கு ஒத்துவராது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.)

மழைக்காலத்தில் கொழுந்து வாட வேண்டுமென்றால் காற்றைச் சூடாக்கித்தான் அனுப்ப வேண்டும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு டன் கொழுந்தை 78 சதவீத ஈரத்திலிருந்து 70-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 267 லிட்டர் தண்ணீரைக் காற்று எடுத்துப் போக வேண்டும். ராத்திரி முழுக்க ட்ரஃப்களின் அடியில் மின்விசிறி ஓடும், மேலே கொழுந்து மெத்தை மாதிரி கிடக்கும். குன்னூரின் ஐப்பசி ராத்திரியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே கதகதப்பான இடம் அந்த ஹால்தான்.

அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் நின்று பறித்து, நனைந்தபடியே லைன் வீட்டுக்கு வருவாள். நான் ஐந்தாவது படிக்கும்போது, இருந்த ஒரே யூனிஃபார்ம் காயவில்லை என்று அப்பா அதை எடுத்துப்போய் ஒரு ட்ரஃப்பின் கடைசியில் தொங்கவிட்டார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். ஈரத்துணி காற்றில் ஈரத்தைக் கூட்டும், கொழுந்து கெடும் என்பது காரணம்.

இயற்பியல்படி அவர் சொன்னது சரிதான், அதுதான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது. பிழிந்த யூனிஃபார்மில் முந்நூறு மில்லி தண்ணீர் இருந்திருக்கலாம். 267 லிட்டரில் முந்நூறு மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அந்தக் காற்றில் எங்களுக்கு ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏர் கண்டிஷனிங்கின் கதையும் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் திட்டத்தை வரைந்தது நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஒரு அச்சகத்துக்கு. அங்கே வியர்த்தவர்களுக்காக அல்ல. காகிதம் ஈரத்தில் விரிந்து, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை, அதற்காக. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை 1906-ல் கொண்டுவந்த ஸ்டூவர்ட் கிரேமர் நூற்பாலைக்காரர், அவருடைய கவலை நூல். எங்கள் மலையிலேயே, 1960-களில் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் வந்ததற்கு இங்கத்திய தூசியில்லாத குளிர்ந்த காற்று ஒரு காரணம். காகிதம், பஞ்சு, ஃபிலிம், கொழுந்து. மனிதர்கள் இந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

இந்தத் துறையில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு: 'ப்ராசஸ் கூலிங்', 'கம்ஃபர்ட் கூலிங்'. பொருளுக்கு என்றால் ப்ராசஸ். மனிதருக்கு என்றால் கம்ஃபர்ட், அதாவது சொகுசு. பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது ரொம்பப் பிந்தித்தான். அதற்குள் அந்தத் தீர்ப்பை நானே கோடாக எழுதிவிட்டிருந்தேன்.

கட்டடங்களின் ஏசியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்தான் என் வேலை. சென்னைக்கு வெளியே ஒரு மருந்துக் கிடங்கு. ஒரு பக்கம் குளிர் அறைகள், இன்னொரு பக்கம் பெட்டி கட்டும் ஹால். மின்சாரம் ஒப்பந்த அளவைத் தாண்டினால் அபராதம். ஆகவே தாண்டப்போகும் நேரத்தில் எதை முதலில் அணைப்பது என்று ஒரு வரிசை வேண்டும். குளிர் அறைக்கு 1 போட்டேன். ஹாலுக்கு 4. 3 என்ன என்று கேட்கிறீர்களா? மேனேஜரின் அறை. மருந்து கெட்டால் நோயாளிக்கு ஆபத்து, அதனால் அந்த 1-ஐப் பற்றி எனக்கு இன்றும் கேள்வி இல்லை. 4-ஐப் போட எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கேள்வி அங்கேதான்.

போன மே மாதம் ஒரு டிக்கெட் வந்தது. பெட்டி கட்டும் பெண் ஒருத்தர் மயங்கி விழுந்திருக்கிறார், ஏசி ஓடியதா என்று பார்க்கச் சொல்லி. லாகைத் திறந்தேன். வரிசைப்படி ஹாலின் ஏசி இரண்டு மணி நேரம் அணைந்திருந்தது. வெப்பநிலை 33 டிகிரி. அலாரம் வைத்திருந்தது 35-க்கு. 'சிஸ்டம் நார்மல்' என்று பதில் எழுதி டிக்கெட்டை மூடினேன். 'காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்' என்று அவர்களும் எழுதினார்கள். அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

ராத்திரி தூக்கம் வராமல் ஈரப்பதம் இருந்த பத்தியையும் எடுத்துப் பார்த்தேன். 80 சதவீதம். 33 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 30 டிகிரி. ஒப்பிட்டுச் சொன்னால், வறண்ட ஊரில் 38 டிகிரி வெயிலில் 30 சதவீத ஈரம் இருந்தால் ஈரக்குமிழ் 24 அல்லது 25-தான். எண்ணைப் பார்த்தால் அது கொடுமை, உடம்புக்கோ இதுதான் கொடுமை. வியர்வையும் அந்தத் துணித்திரி மாதிரிதான். காற்று வாங்கிக்கொண்டால்தான் குளிரும். பிரிட்டனின் ஜே. எஸ். ஹால்டேன் 1905-லேயே இதைச் சொல்லிவிட்டார்: அசையாத காற்றில் ஈரக்குமிழ் சுமார் 31-ஐத் தாண்டினால், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே உடல் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் படித்தேன். லங்காஷயர் நெசவுக்கூடங்களில் நூல் அறாமலிருக்க நீராவியை விடுவார்கள். நெசவாளர்கள் எதிர்த்தார்கள். 1889-ல் சட்டம் வந்தது: கூடத்தில் உலர்குமிழும் ஈரக்குமிழும் மாட்டு, இந்த அட்டவணையைத் தாண்டாதே. எங்கள் அப்பா கொழுந்துக்காகப் பார்த்த அதே இரண்டு தெர்மாமீட்டர்கள், அங்கே ஆட்களுக்காக. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலும் செயற்கை ஈரப்பதத்துக்கென்று 15-ஆம் பிரிவு இருந்தது.

ஏன் மறந்துபோகிறோம் என்றால், மனிதன் பழகிக்கொள்வான் என்பதால்தான் என்று நினைக்கிறேன். கொழுந்து பழகாது. சூடானால் சிவந்து கெடும், நஷ்டம் அன்று மாலையே கணக்கில் வரும். மருந்தும் அப்படித்தான். மனிதன் மட்டும்தான் சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு சமாளிப்பான். பழகிக்கொள்வதைப் பெரிய குணம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் யார் அதிகம் பழகிக்கொள்கிறார்களோ அவர்களுக்குத்தான் மோசமான காற்று போய்ச் சேர்கிறது. பழகிவிட்டார்கள் என்பதற்கு அவர்கள் வாய் திறக்காததைத் தவிர வேறு ஆதாரமும் இருக்காது. இதைச் சொல்லும் நான் 24-ல் ஏசியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அதன் வெளி யூனிட் வாட்ச்மேன் அண்ணன் நாற்காலிக்கு நேர் மேலே ஊதுகிறது. அவர் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை.

அப்பாவுக்கு போன் போட்டேன். யூனிஃபார்ம் விஷயத்தில் உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "கொழுந்து கெட்டா யாருக்குடா சம்பளம்? அவன் சொன்னது சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா மறுநாளும் மாட்டினேன். விசிறிக்குப் பின்னாடி. அங்க யாரும் வரமாட்டாங்க" என்றார். நான் உலர்ந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனது எப்படி என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை.

கிடங்கு விஷயத்தைச் சொன்னேன். "அங்க ரெண்டாவது தெர்மாமீட்டர் இல்லையா?" என்று கேட்டார். சென்சார் இருக்கு, யாரும் பார்க்கல என்றேன்.

அடுத்த வாரம் மாற்றத்தை எழுதி அனுப்பினேன். ஹாலின் ஈரக்குமிழைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும், அளவு தாண்டினால் ஹாலை அணைக்கும் வரிசையிலிருந்து எடுத்துவிடும். அன்று அபராதம் கட்ட வேண்டியிருக்கும். வருஷத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார். அளவை 28 என்று வைத்தால் ஒரு தொகை, 30 என்று வைத்தால் அதைவிட நன்றாகக் குறைந்த தொகை. இரண்டையும் அட்டவணையாகப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நான் 28-ஐ மட்டும் போட்டு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.