நித்திரையும் நீதியும்

இல்வாழ்வார் ஒருவர்க்கொருவர் ஆற்றுங் கடன்களுள் உணவு, உடை, கல்வி என்பன பற்றிப் பலரும் பேசுவர். பிறர் உறக்கத்தைக் காத்தலும் ஒரு கடனென்று பேசுவார் மிகச் சிலர். உறக்கம் அவரவர் உடம்பின் செயலன்றோ, அதிற் பிறர்க்கு யாது கடன் எனின், கூறுதும்.

அறைகள் பலவுடைய மாளிகைக்கு அவ்வாதம் பொருந்தினும் பொருந்துக. பசறை, நமுனுகுல, அப்புத்தளை முதலிய ஊவாத் தோட்டங்களிலே தனிவீடுகள் சில எழுந்துளவாயினும், லயங்கள் இன்னும் ஒழிந்தில. ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடியான காம்பராவிலே பாட்டன் முதற் பேரன் ஈறாக வாழ்வாருளர். ஆங்கே ஒருவர் ஏற்றும் விளக்கு எல்லார் கண்ணிலும் படும். ஒருவர் கேட்கும் பாட்டு இடைச்சுவர் கடந்து அயலாரையும் எழுப்பும். ஆதலின் அங்கு நித்திரையானது பீலித் தண்ணீர் போல ஒரு பொதுப்பொருள். ஒருவர் கலக்கின் எல்லார்க்குங் கெடும்.

சூரியோதயத்துக்கு 5 நாழிகை, அஃதாவது 2 மணி நேரம், முன்னே எழுக என்பது ஆன்றோர் விதி. அவ்விதியைச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுவோர், நேரத்தோடு படுக்க என்னும் விதியும் அதனுள் அடங்கியதை மறந்துவிடுகின்றனர். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றில் 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டுமென இக்கால மருத்துவர் கூறுவர். அங்ஙனமாயின், காலை 5 மணிக்கு எழும் பிள்ளை இரவு 8 மணிக்குள் உறங்குதல் வேண்டும். 11 மணிவரை தொலைக்காட்சியின் ஒலியிலே கிடத்திவிட்டு, விடியலிற் சோம்பேறி என்று வைதல் நீதியாகுமோ? கற்ற பாடத்தை நெஞ்சில் நிலைபெறுத்துவதும் உறக்கமே. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைத் தண்டிக்குமுன் ஆசிரியரும் இதனைச் சிந்திப்பாராக.

இனி, அவ்வீட்டின் தாயை நோக்குமின். பிரட்டுக்கு முன் சமைத்து, பிள்ளைகளைப் புறப்படுத்தி, பகலெல்லாம் மலையிற் கொழுந்தெடுத்து, மீண்டு வந்து அடுப்பு மூட்டுபவள் அவளே. எல்லாருக்கும் பின் படுத்து எல்லாருக்கும் முன் எழுதலை அவளது பெருமையென்று புகழ்கின்றோம். புகழ்ச்சி உறக்கத்துக்கு ஈடாகாது. வளர்ந்தவர்க்கு 7 மணி நேரமேனும் உறக்கம் வேண்டும் என்னும் அளவு அவளுக்கும் உரியதே. மாலையிலே தண்ணீர் எடுத்தல், விறகு பிளத்தல், காய் நறுக்கல், பாத்திரங் கழுவல் என்பவற்றை ஆடவரும் மூத்த பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளின், அவளுக்கு ஒரு மணி நேரமாவது மிஞ்சும். இவ்வொரு மாற்றமே நூறு உபதேசத்தினும் நன்று.

பிற ஒழுங்குகளும் உள. தேயிலையிலுள்ள கபீன் என்னும் பொருள், பருகி ஏறக்குறைய 5 மணி நேரஞ் சென்றும் பாதியளவு உடம்பில் நிற்கும். ஆதலாற் பிற்பகலுக்குப் பின் சாயம் விலக்குக. கைத்தொலைபேசியின் ஒளி, உறக்கத்தை வருவிக்கும் மெலற்றோனின் சுரத்தலைக் குறைக்கும். படுக்குமுன் ஒரு மணி நேரம் அதனை அணைத்துவைக்க. பேசுவோர் இஸ்தோப்பிலே தாழ்ந்த குரலிற் பேசுக. ஞாயிற்றுக்கிழமையிலும் படுக்கும் நேரத்தை மாற்றற்க.

உறக்கத்தைப் பேணுவது சோம்பலை வளர்க்குமென அஞ்சற்க. சோம்பல் வேலையை வெறுப்பது. நித்திரை வேலைக்கு வலிமை தருவது. காம்பரா சிறிதாயின் யாம் யாது செய்வோம் என்பாரும் உளர். நல்ல வீடு கேட்டல் அவர்தம் உரிமை. அதனை விடாது கேட்க. ஆயினும் விளக்கைத் தணித்தற்கும் குரலைத் தாழ்த்தற்கும் தாயின் சுமையைப் பகிர்தற்கும் புதுவீடு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அவற்றை இன்றிரவே தொடங்குக.