துவாரமிட்ட பெட்டி

ஆலயப் பழுதுபார்ப்புக்காக வீட்டுப் பட்டறையில் வேப்பம்பலகையில் 40 சிறு காணிக்கைப் பெட்டிகள் செய்கிறேன். இழைக்கும்போதெல்லாம் II இராஜாக்கள் 12-ம் அதிகாரம்தான் ஞாபகம்.

யோவாஸ் ராஜாவின் 23-ம் வருஷமாகியும் ஆலயம் பழுதாகவே கிடந்தது! காணிக்கை வராமலா? வந்தது. அப்புறம்தான் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டார். தச்சருக்குக் கூலி கொடுத்த விசாரிப்புக்காரரிடமோ கணக்கே கேட்கவில்லை. அவ்வளவு உண்மையாய் நடந்தார்கள். ஆசாரியர் கைக்குத்தான் பெட்டி தேவைப்பட்டது, கவனித்தீர்களா?

ஷூ கம்பெனியில் நாள்பூரா தையல் மிஷினில் குனிந்திருக்கிற சகோதரியின் 10 ரூபாய் இதிலே விழப்போகிறது. ஆகவே மூடியை ஆணியடித்து இறுக்கிவிட்டேன். அடிப்பலகையில் மட்டும் திருகாணி. அதையும் சபையார் முன்னால்தான் கழற்றணும் என்றேன். பாஸ்டர் ஐயா, "முதல்ல என் வீட்டுப் பெட்டி" என்றார். அல்லேலூயா!