திருமுக்கூடலில் சோறும் வழிபாடும்

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டு, பசித்தவருக்குச் சோறிடுவது இறைவழிபாட்டில் சேருமா என்ற கேள்விக்குச் செலவுக் கணக்காகவே விடை தருகிறது. வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயிலிருந்து பெருமாளின் அமுதுபடிக்கும் திருவிழாக்களுக்கும் ஒதுக்கீடு செய்யும் அதே சாசனம், வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவரின் உணவுக்கும், 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலை என்ற மருத்துவமனையின் நோயாளிகளுக்கும் சேர்த்தே வகை செய்கிறது. மாணவரின் சனிநீராட்டுக்கான எண்ணெயைக்கூட அது விட்டுவிடவில்லை. மனத்தைத் தொடும் அக்கறை இது.

கொடுப்பவர் புண்ணியம் பெறுகிறார், வாங்குபவர் கடன்படுகிறார் என்பது தானம் பற்றிய பரவலான எண்ணம். இங்கே சோறு, மருத்துவரின் ஊதியத்தைப் போலவே, முன்கூட்டி எழுதிவைத்த பங்கு. எனவே, உண்ட மாணவரோ நோயாளியோ எவருடைய இரக்கத்தையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கவில்லை.